மாலை கழற்றிய மறுநாள்

கார்த்திகை முதல் தேதி விடிந்தால் தமிழ்நாட்டுத் தெருக்களில் ஒரு மாற்றத்தைப் பார்க்கலாம். முந்தின வாரம் வரை இருட்டுவதற்குள் டாஸ்மாக் பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தவர், கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசிமணி மாலையுமாக, விடிகாலையிலேயே பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு நிற்பார். மனைவியிலிருந்து மளிகைக்கடைக்காரர் வரைக்கும் எல்லாரும் அவரைச் ‘சாமி’ என்றுதான் கூப்பிடுவார்கள். சரக்கு கிடையாது, பீடி சிகரெட் கிடையாது, வாயில் ஒரு கெட்ட வார்த்தை வராது. முறைப்படி 41 நாள். மண்டலம் என்றால் 48 நாள்தான் என்று சாதிப்பவர்களும் உண்டு. மலையேறி, நெய்யபிஷேகம் முடித்து, அரவணைப் பாயசத்தோடு ஊர் திரும்பி, மாலையைக் கழற்றுகிறார்கள். அதற்கப்புறமும் குடிக்காமல் இருந்துவிடுகிறவர்கள் சிலர். பலர் அன்றைக்கோ மறுநாளோ பழைய இடத்தில் பழைய ஆட்களோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். என் தலைமுறைக்கு இது வருஷாவருஷம் பார்த்துப் பழகிய காட்சி. மாலை போட்டு நிறுத்தியதை ஐயப்பனின் மகிமையில் எழுதினோம், கழற்றியபின் குடித்ததை அந்த மனிதரின் புத்தியில் எழுதினோம், அத்தோடு கணக்கை முடித்துவிட்டோம்.

அந்த இரண்டு பதிவுகளுமே தவறு என்பதுதான் நான் இங்கே சொல்ல வந்தது. நாற்பது நாளுக்கு மேல் குடிக்காமல் இருக்கத் தெரிந்த ஒருவருக்கு நிறுத்தத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. அந்த நாட்கள் முழுக்க அவரைச் சுற்றி என்ன நடந்தது என்று பார்க்கவேண்டும். அவர் எழும் நேரம் மாறியது. சாயங்காலம் போகும் இடம் மாறியது. கடைக்குப் போன நேரத்தில் பஜனைக்குப் போனார். கூட்டாளிகள் மாறினார்கள், அல்லது அதே கூட்டாளிகளும் மாலை போட்டார்கள். போடாதவர்கள்கூட, ‘ஒரு கட்டிங்தானே, வா’ என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை. வீட்டில் சமையல் மாறியது, தனிப் பாய் வந்தது, பிள்ளைகள் அப்பாவிடம் பயமில்லாமல் வந்து உட்கார்ந்தார்கள். அவரை ஊர் அழைக்கும் பெயர்கூட மாறியது. இத்தனையும் சேர்ந்து பிடித்து நிறுத்திய ஒருவரிடமிருந்து ஒரே நாளில் எல்லாவற்றையும் உருவிக்கொண்டு, ‘இப்போது உன் மன உறுதியைக் காட்டு’ என்கிறோம். நம் ஊரில் குடிக்கும் போதைக்கும் செய்யப்படும் வைத்தியத்தில் பெரும்பகுதி, சத்தியம் வாங்குவதிலிருந்து கோயிலில் கயிறு கட்டுவது வரை, மருத்துவமனையில் பத்து நாள் படுக்க வைப்பது வரை, நிறுத்தும் நாளின் மேலேயே கண்ணாக இருக்கிறது. நிறுத்தியவன் திரும்பிப் போகும் வீட்டையும் சாயங்காலத்தையும் எவரும் தொடுவதில்லை.

இதில் ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மாலை போட்டதும் சட்டென்று நிறுத்த முடிகிறவர்கள் பெரும்பாலும் உடம்பு முழுதாக அடிமையாகிவிடாதவர்கள். காலையில் கை நடுக்கம் தீரவே ஊற்றிக்கொள்ளும் நிலைக்குப் போனவருக்குத் திடீர் நிறுத்தம் ஆபத்து. முதல் நாளில் வியர்வையும் தூக்கமின்மையும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வது தெரியும், இல்லாத ஆட்களோடு பேச்சு நடக்கும். அந்தக் குழப்ப நிலையைக் கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம். அதற்கு மருந்து உண்டு, தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி உண்டு, அதற்கு ஆஸ்பத்திரியே சரியான இடம். 2020 மார்ச் கடைசியில் ஊரடங்கில் கடைகள் ஒரே நாளில் மூடப்பட்டபோது இது நாடு முழுக்க வெட்ட வெளிச்சமானது. கேரளத்தில் அடுத்தடுத்துத் தற்கொலைகள் நடக்க, மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசே ஆணை போட்டது. மருத்துவர்கள் எதிர்க்க, உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. தமிழ்நாட்டில் மே 7ஆம் தேதி கடைகள் திறந்தபோது நின்ற வரிசையை வெட்கக்கேடு என்று பலரும் எழுதினார்கள். நாற்பது நாளுக்கு மேல் குடிக்காமல் இருந்தவர்கள்தான் அந்த வரிசையில் நின்றார்கள். மருத்துவக் கணக்கில் அவர்கள் உடம்பிலிருந்து சாராயம் இறங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. அந்த நாற்பது நாளில் அவர்களுக்கு வேறு எதுவும் நடந்திருக்கவில்லை. வேலையும் போய், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார்கள், அவ்வளவுதான்.

சூழலுக்கு இவ்வளவு பலமா என்று கேட்பவர்களுக்கு வியட்நாம் போரிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. 1971இல் அங்கிருந்த அமெரிக்கச் சிப்பாய்களிடம் ஹெராயின் பரவிவிட்டது என்று வாஷிங்டன் அலறியது. லீ ராபின்ஸ் என்ற சமூகவியலாளர், அந்த ஆண்டு செப்டம்பரில் ஊர் திரும்பியவர்களைத் தேடிப் பிடித்து விசாரித்தார். அங்கே இருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமையாகவே இருந்ததாக ஒப்புக்கொண்டார்கள். அப்படி அடிமையாக இருந்தவர்களில், ஊருக்கு வந்த முதல் ஓராண்டில் மறுபடி அடிமையானவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவே. மூன்று ஆண்டுக்கு நீட்டிப் பார்த்தபோதும் பன்னிரண்டு பேர்தான். அதே காலத்தில் அமெரிக்க நகரங்களில் ஹெராயினுக்குச் சிகிச்சை பெற்று, அதே தெருவுக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களில் மறுபடி விழுந்தார்கள். இந்த ஆய்வை நம்ப ஆளில்லாமல் ராபின்ஸ் வருஷக்கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. நியாயமான மறுப்பும் இல்லாமல் இல்லை. சிப்பாய் வாழ்க்கையில் ஒரு வருஷத்துக்கு மட்டும் வந்த பழக்கம் வேறு, பதினைந்து வயதில் தொடங்கி முப்பது வருஷம் ஓடிய பழக்கம் வேறு. போருக்குப் போகும் முன்பே போதையைத் தொட்டவர்கள் திரும்பியபின் அதிகம் சிரமப்பட்டார்கள் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. ஆகவே சூழல் ஒன்றே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழக்கம் மூளையில் எவ்வளவு ஆழம் போயிருந்தாலும், அதைக் கிளப்பிவிடுவது இடமும் வேளையும் ஆட்களும்தான் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனையை எவரும் திட்டமிட்டுச் செய்திருக்க முடியாது.

சிப்பாய்கள் கப்பலோ விமானமோ ஏறி வேறு உலகத்துக்கு வந்துவிட்டார்கள். மேட்டுப்பாளையத்திலோ மேலூரிலோ இருக்கும் கொத்தனார் எங்கே போவார்? அவர் வேறு ஊருக்குப் போகாமலே அவர் ஊரை மாற்ற முடியுமா என்பதே கேள்வி. ஜார்ஜ் ஹன்ட், நேதன் அஸ்ரின் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் செய்து பார்த்தார்கள், 1973இல் வெளியிட்டார்கள். இல்லினாய் மாநில மனநல மருத்துவமனையில் இருந்த குடிநோயாளிகளில் எட்டுப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. இன்னும் எட்டுப் பேருக்கு அதோடு வேறு சில உதவிகள்: வேலை தேடித் தருவது, கணவன் மனைவிக்குள் பேச்சு வார்த்தை, குடும்பமே இல்லாதவருக்குத் தத்தெடுத்தாற்போல ஒரு குடும்பம், குடிக்காமல் கூடிப் பொழுதுபோக்க ஒரு மன்றம், அடிக்கடி வீட்டுக்கு வந்து பார்க்கும் ஓர் ஆலோசகர். வெளியே வந்தபின் முதல் குழுவினர் பத்து நாளில் ஏறக்குறைய எட்டு நாள் குடித்தார்கள். இரண்டாம் குழுவினர் பத்தில் ஒன்றரை நாள் அளவுக்குத்தான். எண்ணிக்கை சிறியது என்பது உண்மை. ஆனால் அடுத்து வந்த பெரிய ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்ந்தன.

இனி வீட்டுக்கு வருவோம். குடிப்பவர் வீட்டில் அடிக்கடி காதில் விழும் சொல், ‘அவனாத் திருந்தணும்’ என்பது. மருத்துவரும் சில சமயம் அதையே சொல்லி அனுப்பிவிடுகிறார்: அவரைக் கூட்டிக்கொண்டு வாங்க, அவருக்கு விருப்பம் இருக்கணும். வராதவரை எப்படிக் கூட்டி வருவது என்று அந்த அம்மாளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. அஸ்ரினோடு வேலை பார்த்த ராபர்ட் மேயர்ஸ் இந்த இடத்தில்தான் கை வைத்தார். சிகிச்சைக்கு வர மறுப்பவரை விட்டுவிட்டு, வந்து அழும் மனைவிக்கோ தாய்க்கோ முதலில் பயிற்சி கொடுத்தார். சுமார் 12 அமர்வுகள். குடித்து வந்த இரவில் சண்டையும் வேண்டாம் பணிவிடையும் வேண்டாம், விலகியிருப்பது. குடிக்காமல் வந்த மாலையில் அவரோடு உட்காருவது, அவருக்குப் பிடித்ததைச் செய்வது. ‘காய்ச்சல், இன்றைக்கு வேலைக்கு வரமாட்டார்’ என்று மேஸ்திரிக்குப் பொய் சொல்லாமல் இருப்பது. கடன்காரருக்கு நகையை அடகு வைத்துக் கட்டாமல் இருப்பது. தலைவலியும் குற்றவுணர்ச்சியுமாக அவர் இருக்கும் காலையைக் கண்டுபிடித்து அப்போது சிகிச்சைப் பேச்சை எடுப்பது. எல்லாவற்றுக்கும் முன்னால், அடி விழும் வீடாக இருந்தால் வெளியேறும் வழியை வகுத்துக்கொள்வது. 1999இல் 130 குடும்பங்களை வைத்துச் செய்த ஒப்பீட்டில், இந்த முறையில் வர மறுத்தவர்களில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். உறவினர் எல்லாரும் கூடி உட்கார வைத்து எச்சரிக்கும் முறையில் 30 சதவீதம். ‘உன்னால் அவரை மாற்ற முடியாது, உன்னைப் பார்த்துக்கொள்’ என்று சொல்லும் முறையில் 13. அந்தக் கடைசி முறையில் நடத்தப்பட்டவர்களுக்கும் மன அமைதி கிடைத்தது. அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘அவனாத் திருந்தணும்’ என்பது அனுபவ ஞானம் போலத் தோன்றும் ஒரு கைவிரிப்பு என்று இந்த எண்கள் காட்டுகின்றன.

நம் ஊர்ச் சுவர்களில் இன்னொரு வகை குடும்ப வைத்தியத்துக்கு விளம்பரம் இருக்கும்: குடியை மறக்க மருந்து, அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கலாம், கீழே ஒரு செல்பேசி எண். அந்தப் பொட்டலங்களில் என்ன இருக்கிறது என்பது வாங்குபவருக்குத் தெரியாது. டைசல்பிரம் என்ற மாத்திரை 1940களின் கடைசியில் டென்மார்க்கிலிருந்து வந்தது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் தாறுமாறாகும். விஷயம் தெரியாமல் அதன்மேல் ஒரு குவார்ட்டர் அடித்தவர் செத்தும் போகலாம். அதே மாத்திரையை அஸ்ரின் குழு எப்படிக் கையாண்டது என்பதைப் பாருங்கள்: தினமும் குறிப்பிட்ட நேரத்தில், மனைவி பார்க்க, கணவனே வாங்கிப் போட்டுக்கொள்வது, அவள் நன்றி சொல்வது. மறைத்துக் கொடுத்தால் விஷம், தெரிந்து கொடுத்தால் இருவருக்கும் நடுவே தினம் ஒரு ஒப்பந்தம். குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்ப்பது என்றால் எது, எது இல்லை என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது. கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும் என்று கால்கட்டுப் போடுகிறவர்களும் சூழலை மாற்றுவதாகத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். அவர்கள் மாற்றுவது ஒரு பெண்ணின் சூழலை.

இப்படிப் பேசினால், குடிப்பவனுக்குப் பொறுப்பே இல்லையா, பழியெல்லாம் தெருவின் மேலும் வீட்டின் மேலுமா என்று கோபப்படுவார்கள். கோபம் புரிகிறது. பல குடும்பங்களில் அந்த ஒரு மனிதனின் மேலுள்ள கோபம்தான் மற்றவர்களை நிமிர்ந்து நிற்க வைத்திருக்கிறது. ஆனால் சர்க்கரை நோயாளி இனிப்பைத் தொடாமலிருக்க வேண்டியது அவர் பொறுப்பு என்பதற்காக, வீட்டில் தினமும் கேசரி கிண்ட வேண்டும் என்று எவரும் வாதாடுவதில்லை. பொறுப்பு என்பது நிறைவேற்றக்கூடிய அளவில் இருந்தால்தான் பொறுப்பு. இல்லாவிட்டால் அது தண்டிப்பதற்கான சாக்கு. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. சட்டம் அங்கே போய்விட்டது, நம் பேச்சு இன்னும் ‘திருந்தாத ஜென்மம்’ என்ற இடத்திலேயே நிற்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனை நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வில், மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் எந்த வகைச் சிகிச்சையாவது பெற்றதாகச் சொன்னார். மற்ற 37 பேரின் மன உறுதியைப் பற்றி நாம் பேசிக்கொண்டே இருக்கிறோம்.

இளைஞர்கள் விஷயத்திலும் இதே பிழைதான், இன்னும் சத்தமாக. போதை ஒழிப்பு நாளான ஜூன் 26 வந்தால் பேரணி, மனிதச் சங்கிலி, உறுதிமொழி, ஓவியப் போட்டி. கரிந்த நுரையீரல் படம், மேடையில் மீண்டு வந்த ஒருவரின் கண்ணீர்க் கதை. ஐ.நா. போதைப்பொருள் அலுவலகம் தொகுத்த தடுப்பு நெறிமுறைகள், ஒருநாள் பயமுறுத்தல் உரைக்கும் மீண்டவரை மேடையேற்றுவதற்கும் பலன் இருப்பதாகச் சான்று இல்லை என்று சொல்லி ஆண்டுகள் ஆகின்றன. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கி, சீருடைப் போலீஸ்காரர் வகுப்புக்கே வந்து பாடம் நடத்திய ‘டேர்’ திட்டம் நாடு முழுக்கப் பரவியது. சோதித்துப் பார்த்த ஆய்வுகள், அந்தப் பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காதவர்களுக்கும் பழக்கத்தில் நிலையான வித்தியாசம் எதையும் காணவில்லை. ‘கூல் லிப்’ புகையிலையை உதட்டுக்குள் ஒதுக்கிக்கொள்ளும் எட்டாம் வகுப்புப் பையனுக்கு அது கெடுதல் என்று தெரியாமல் இல்லை. அவனுக்கு நாலரை மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு எட்டு மணிக்கு அம்மா வேலையிலிருந்து வரும்வரை போக்கிடம் இல்லை. இருந்த மைதானத்தில் கட்டடம் வந்துவிட்டது, இல்லாவிட்டால் டியூஷன். அந்த மூன்றரை மணி நேரத்தில் அவனோடு நேரம் செலவிடத் தயாராக இருக்கும் ஒரே பெரியவர், போதைக்கு வலி மாத்திரை விற்கும் ஆளாக இருக்கக்கூடும்.

ஐஸ்லாந்து இந்த மணி நேரங்களைத்தான் பிடித்துக்கொண்டது. 1998இல் அங்கே 15, 16 வயதுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் கடந்த மாதத்தில் ஒருமுறையாவது போதையாகக் குடித்திருந்தார்கள். 2016இல் அது 5 சதவீதம். தினமும் புகைத்தவர்கள் 23இலிருந்து 3 சதவீதமானார்கள். செய்தவை எல்லாம் சாதாரண காரியங்கள்: குளிர்காலத்தில் 13 முதல் 16 வயதுவரை இரவு பத்து மணிக்கு மேல் தனியாக வெளியே இருக்கக்கூடாது என்று சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் பெற்றோர் சங்கம், தங்களுக்குள் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வார இறுதி இரவுகளில் பெற்றோர்களே தெருவில் ரோந்து, விளையாட்டு, இசை, நடன வகுப்புக்குப் பிள்ளைக்கு இவ்வளவு என்று நகராட்சியே தரும் பணம், வருஷாவருஷம் பள்ளிவாரியாகக் கணக்கெடுத்து, அந்தந்தப் பள்ளிக்கே முடிவைச் சொல்வது. நாலு லட்சம்கூட இல்லாத மக்கள்தொகை, பணக்கார நாடு, நமக்கு எப்படிப் பொருந்தும் என்பார்கள். அதே ஆண்டுகளில் ஐரோப்பாவின் மற்ற நாடுகளிலும் பிள்ளைகளின் குடி குறைந்தது, எல்லாப் பெருமையும் ஐஸ்லாந்தின் திட்டத்துக்குச் சேராது என்று இன்னொரு மறுப்பையும் நானே சேர்த்துக்கொள்கிறேன். இருந்தாலும் சரிவின் அளவு அங்கேதான் தனித்து நிற்கிறது. செலவு என்று பார்த்தால், பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் செல்பேசி எண் வைத்திருப்பதற்குப் பணக்கார நாடாக இருக்க வேண்டியதில்லை. சாயங்காலம் ஏழரை மணி வரை அரசுப் பள்ளி மைதானத்தின் கதவைத் திறந்துவைக்க ஒரு உடற்பயிற்சி ஆசிரியரின் கூடுதல் சம்பளம் போதும்.

எல்லாம் சரி, கடையை மூடாமல் இதெல்லாம் என்ன பேச்சு என்ற மறுப்புதான் தமிழ்நாட்டில் மிகப் பெரியது. ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு, 1971இல் விலகி, 1974இல் திரும்பி, 1981இல் மறுபடி விலகியது. 1983இல் டாஸ்மாக் வந்தது. 2003இல் சில்லறை விற்பனையும் அரசின் கைக்கே போனது. 2023-24 நிதியாண்டில் அதன் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது. கடை எண்ணிக்கை, திறக்கும் நேரம், விலை, 21 வயதுக் கட்டுப்பாடு ஆகிய நான்கும் குடியின் அளவைக் கூட்டும் குறைக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சூழல் என்று நான் சொல்வதில் பள்ளிக்குப் போகும் வழியில் இருக்கும் கடையும் அடக்கம். வாழ்வாதாரத்தைக் கெடுத்துவிட்டு மறுவாழ்வுக்குச் சில்லறை ஒதுக்கும் அரசின் மேல் கோபம் வேண்டும். ஆனால் விற்பனையை நிறுத்துவது ஒன்றையே சிகிச்சையாக நம்பினால் என்ன ஆகும் என்பதை 2020 ஊரடங்கு காட்டியது. மலிவான போதைக்கு ஏங்கும் உடம்புகளை அப்படியே விட்டுவைத்தால் என்ன நடக்கும் என்பதை 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி காட்டியது. மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது அரசுக் கடைகள் திறந்தேதான் இருந்தன. கருணாபுரத்துக் கூலித் தொழிலாளிக்குப் பாக்கெட் சாராயம் அதைவிட மலிவாகவும் வீட்டுக்குப் பக்கத்திலும் கிடைத்தது.

எனக்கே உறுத்தும் மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது. குடும்பம் குடும்பம் என்றால் நடைமுறையில் அது பெண். வேலைக்குப் போய், அடி வாங்கி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இப்போது அவனுக்கு ஆலோசகராகவும் ஆக வேண்டுமா? மாட்டேன் என்று ஒருத்தி சொன்னால் அது முழு நியாயம். அவளை விலக விடாத எந்தச் சிகிச்சையும் சிகிச்சை இல்லை. அவள் தாங்காமல் போனதால்தான், கை காலைக் கட்டி வண்டியில் ஏற்றிப் போகும் பதிவில்லாத ‘மறுவாழ்வு மையங்கள்’ பெருகின. அடித்துக் கொன்ற செய்திகளும் வந்தன. ஆகவே சுமையை அவளிடமிருந்து எடுத்து ஊரிடம் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாடு வேண்டும், அதற்கு முன்மாதிரி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, குடிப்பவருக்கு நடத்தும் சிகிச்சையோடு குடும்பத்துக்கும் தனியாக ஒரு திட்டம் வைத்தது. அதற்கப்புறம் அவர்கள் காவிரிப் படுகையில் மஞ்சக்குடி போன்ற கிராமங்களுக்கே போய் முகாம் நடத்தினார்கள். ஊருக்குள் ஒரு கட்டடம், பதினைந்து நாள், பக்கத்து ஊர்களிலிருந்து ஒரே சமயத்தில் ஒரு கூட்டம் பேர், மனைவியருக்கும் தாய்மாருக்கும் தனி வகுப்பு, மேற்பார்வைக்கு உள்ளூர்ப் பெரியவர்கள், முகாம் முடிந்தபின் தொடர்ந்து வந்து பார்க்கும் மருத்துவக் குழு. முகாமிலிருந்து வெளியே வந்தவருக்கு, தெருவில் எதிரே வருபவரும் அதே முகாமில் இருந்தவர். டீக்கடையில் விசாரிப்பவருக்கு விஷயம் தெரியும். மனைவிக்குப் போய்ச் சொல்ல நாலு பெண்கள் உண்டு. இப்படி நடந்த முகாம்கள் அரசின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் எட்டாத காரியம் இல்லை. வேண்டியவை ஒரு மருத்துவர், இரண்டு ஆலோசகர்கள், முகாம் முடிந்து, பதினாறாம் நாளிலிருந்து ஒரு வருஷத்துக்கு வீட்டு வாசலுக்கு வரும் ஒரு களப்பணியாளர்.  மாலை கழற்றிய மறுநாளுக்கு வேண்டியவர் அந்தக் களப்பணியாளர்தான்.